1325 ரவுட்டர்: ஏழு பலகையும் எழுபத்திரண்டு மரப்பெயரும்

"மெஷின் எப்படி ஓடுதுண்ணே, வாங்கலாமா?" என்று என் சிஎன்சி ரவுட்டரைப் பற்றி (கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் வெட்டித் தரும் மெஷின்) மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். "நல்லா ஓடுது" என்று சொல்லி வைத்துவிடுவேன். அது பாதி பதில்தான். மீதிப் பாதியை ஒரே ஒரு ஆர்டரை வைத்துச் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் இந்த மெஷினைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு வாரத்தில் வந்ததுதான்.

காரைக்குடியில் சின்னப் பட்டறை. வீட்டுப் பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவு, ஜாலி (துளைத் துளையாக வெட்டிய தட்டி) வேலை. அப்பா ஆசாரி, உளியில் எழுத்து வெட்டிப் பழகியவர். நான் வாங்கியது 1325 அளவு ரவுட்டர், அதாவது 1300-க்கு 2500 மில்லிமீட்டர் பெட். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் அப்படியே படுக்கும். 6 கிலோவாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் மோட்டார்), காற்றில் குளிர்வது. கையில் பிடிக்கிற ரிமோட் மாதிரியான டிஎஸ்பி கன்ட்ரோலர். மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். டூல் தானாக மாறாது, நாம்தான் ஸ்பேனர் எடுத்து மாற்ற வேண்டும். ஜிஎஸ்டி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. விற்றவர் யார் என்று எழுதப்போவதில்லை. இந்த அளவில் பல பேர் விற்பது கிட்டத்தட்ட ஒரே மெஷின்தான், ஸ்டிக்கர் மட்டும் மாறும்.

ஆர்டர் இதுதான். ஒரு பள்ளி வளாகத்தில் இருக்கும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை, மொத்தம் 72. மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, பக்கத்தில் இரும்புக் கம்பம் நட்டு அதில் மாட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அது பிடித்திருந்தது. மேலே தமிழ்ப் பெயர் பெரிதாக, கீழே தாவரவியல் பெயர் சாய்ந்த ஆங்கில எழுத்தில் சிறிதாக. ஒவ்வொரு பெயர்ப்பலகையும் 280-க்கு 110 மில்லிமீட்டர். வேம்பு மட்டும் பதினான்கு. புங்கன், பூவரசு, நாவல், புளி, இலுப்பை, மகிழம், சரக்கொன்றை, நீர்மருது என்று மீதி.

மரம், பழைய வீடு இடித்து வந்த பர்மா தேக்கு. விட்டமாக இருந்ததை மில்லில் அறுத்து, பத்து இஞ்சு அகலம், ஆறடி நீளம், ஆறு நூல் (முக்கால் இஞ்சு) கனத்தில் பலகையாக்கினோம். ஒரு பலகைக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு, ஆகப் பன்னிரண்டு பெயர்ப்பலகை. ஆறு பலகை போதும் என்று கணக்கு. பெட்டில் ஒரே நேரத்தில் நாலு பலகை பக்கத்தில் பக்கத்தில் படுக்கும்.

நாலு பலகையையும் ஒன்றாக ஏற்றுவதில் ஒரு லாபம் இருக்கிறது. எழுத்துக்கு 60 டிகிரி வி-பிட் (வி வடிவ முனை), ஓரம் வெட்ட 6 மில்லி எண்ட் மில் (நேராக வெட்டும் பிட்), ஓட்டைக்கு 5 மில்லி பிட், ஆக மூன்று டூல். பலகை பலகையாக ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று டூலையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் இசட் சீரோ, அதாவது பிட் முனை மரத்தைத் தொடும் உயரம், புதிதாகப் பிடிக்க வேண்டும். நாலும் ஒரே ஜாப் என்றால் எல்லாப் பலகையிலும் எழுத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த டூல், ஒவ்வொரு டூலையும் ஒரே ஒரு தடவை மாட்டினால் போதும். மெஷின் விற்க வந்தவர் டெமோவில் காட்டியதும் இதைத்தான். காட்டியது எம்டிஎஃப்பில், மரநாரை அழுத்திச் செய்த பலகையில். ஃபேக்டரியில் இருந்து வந்த எம்டிஎஃப் எங்கே தொட்டாலும் ஒரே கனம். மில்லில் அறுத்த தேக்கு அப்படியா?

முதல் நாள் நாலு பலகையை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, முதல் பலகையின் மேல் இசட் சீரோ வைத்து, ஸ்டார்ட் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரு பெயர்ப்பலகைக்கு ஆறு நிமிடம், ஒரு பெரிய பலகையில் இருக்கும் பன்னிரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம். முதல் இரண்டு பலகையும் அருமை. மூன்றாவதில் தமிழ் எழுத்து கொஞ்சம் மெலிந்திருந்தது, சரி என்று விட்டுவிடலாம். ஆனால் கீழே வேம்பின் தாவரவியல் பெயர், 'அசாடி' வரைக்கும் தெரிகிறது, 'ராக்டா' நூல் மாதிரி மங்குகிறது, 'இண்டிகா' இல்லவே இல்லை. பிட் அந்தரத்திலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. நாலாவது பலகையில் இதற்கு நேர்மாறு. சின்ன எழுத்தெல்லாம் ஊதிப்போய், ஆங்கில 'e' ஒரு குழியாக இருந்தது.

கணக்கு போட்டால் காரணம் சட்டென்று தெரியும். வி-பிட் ஆழத்தை வைத்து அகலத்தைச் செய்கிறது. தமிழ் எழுத்தின் கோடு 5 மில்லி அகலம் என்றால் 60 டிகிரி பிட் 4.3 மில்லி இறங்க வேண்டும். தாவரவியல் பெயரின் கோடு 0.8 மில்லிதான், அதற்கு 0.7 மில்லி இறங்கினால் போதும். மூன்றாவது பலகை நடுவில் முக்கால் மில்லி குழிந்திருந்தது. பெரிய எழுத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சின்ன எழுத்துக்கு அதுதான் மொத்தச் சொத்து. நாலாவது 0.6 மில்லி உயரம். அதனால் எல்லாக் கோடும் 0.7 மில்லி தடித்துவிட்டது, 0.8 என்பது 1.5 ஆனது. 90 டிகிரி பிட்டாக இருந்திருந்தால் இன்னும் மோசம், உயரத்தில் எவ்வளவு தப்போ அதைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் காட்டும்.

அப்பா வந்து ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி அடியில் வெளிச்சத்தைப் பார்த்தார். "மூணாவதுல நடுவுல ரெண்டு கல்யாணப் பத்திரிகை போவும்டா" என்றார். பலகைக்கு அடியில் ஆட்டம் நிற்பதற்குப் பத்திரிகை அட்டையைக் கிழித்துச் சொருகுவது எங்கள் பட்டறைப் பழக்கம், அவருக்கு அதுதான் அளவு.

பிளேனரில் இழைத்துக் கனத்தைச் சமமாக்கலாம். எங்களிடம் இருக்கும் பிளேனர் எட்டு இஞ்சு, பலகை பத்து. கன்ட்ரோலரில் ஜி54 முதல் ஜி59 வரை தனித்தனித் தொடக்கப்புள்ளி வைத்து, பலகைக்கு ஒரு இசட் கொடுக்கலாம். அது பலகைக்குப் பலகை உள்ள வித்தியாசத்தைத்தான் தீர்க்கும். ஒரே பலகைக்குள் இருக்கும் குழிவை என்ன செய்வது?

கடைசியில் மெஷினையே இழைக்க வைத்தோம். நாலு பலகையையும் ஏற்றி, அடியில் அட்டை சொருகி ஆட்டம் நிறுத்தி, இரண்டு முனையிலும் கழிவுப் பகுதியில் ஸ்க்ரூ அடித்தோம். ஸ்க்ரூ தலையை ஒரு நூல் உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிட்டுக்குத்தான் ஆபத்து. பிறகு 60 மில்லி அகலமான சர்ஃபேஸிங் பிட்டைப் போட்டு, நாலையும் ஒரே பரப்பாக நினைத்து மேலே ஓட்டினோம். ஒரு பாஸ் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பாஸ், மொத்தம் ஒன்றரை மில்லி. இப்போது நாலு பலகையின் முகமும் இந்த ஸ்பிண்டில் எந்த உயரத்தில் நடக்கிறதோ அதே உயரம். பலகை நிஜமாகவே சமமா என்ற கேள்வியே இல்லை, மெஷினுக்குச் சமம், அது போதும். எங்கே சீரோ வைத்தாலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு பலகையைக் கழற்றவே கூடாது. சீலர் அடிப்பது, வினைல் ஒட்டுவது, எழுத்து வெட்டுவது, கறுப்பு பெயின்ட் ஸ்ப்ரே செய்வது, வினைலை உரிப்பது, கடைசியில் ஓரம் வெட்டுவது, எல்லாம் பெட்டிலேயே. பெயின்ட் காயும் வரை ஆறு லட்சம் சும்மா நிற்கும், அதை மட்டும் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

வீணான மூன்றாவது, நாலாவது பலகையைத் திருப்பிப் போட்டோம். ஓரம் வெட்டவில்லை என்பதால் பிழைத்தது. பள்ளிக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். பின்பக்கம் கம்பத்தின் தகடு மூடிக்கொள்ளும். அந்த வளாகத்தில் சில புங்க மரப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் பாதி வேம்பு இருக்கும்.

இனி தமிழ் எழுத்து. இதைப் பற்றி யாருமே எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மெஷினுக்கு வரைபடம் தயாரிக்க நான் வைத்திருப்பது வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வ் ப்ரோ என்ற சாஃப்ட்வேர். டெஸ்க்டாப் பதிப்பில் ஒரு ஜாப் 25-க்கு 25 இஞ்சு வரைதான், ஆறடிப் பலகைக்கு ஆகாது. ப்ரோவில் அந்தக் கட்டு இல்லை, மரத்தில் வடிவங்களைத் தானாக அடுக்கும் நெஸ்டிங்கும் உண்டு. காசு கொடுத்து வாங்கியதில் வருத்தமில்லை. தமிழை மட்டும் அதில் நேரடியாக டைப் செய்வதில்லை. இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் யூனிகோடில் அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி, அதைத்தான் உள்ளே கொண்டுவருகிறேன். கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.

அப்படி வந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 'மகிழம்' என்று வெட்டினோம். 'கி'யில் மேலே வளையும் விசிறி, 'க'வின் தலைக்கோட்டைத் தொடும் இடத்தில் அரிசி அளவு ஒரு மேடு வெட்டாமல் நின்றது. மரம் சிராய்த்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த மகிழத்திலும் அதே இடத்தில் அதே மேடு. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் 'க' ஒரு வடிவம், விசிறி இன்னொரு வடிவம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஏறிய இடத்தை சாஃப்ட்வேர் ஓட்டை என்று நினைத்து விட்டுவிடுகிறது. 'வெல்டு' கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கினால் தீர்ந்தது. பேப்பரில் பிரிண்ட் எடுத்தால் இந்தத் தப்பு தெரியாது, மரத்தில்தான் தெரியும். இப்போது எந்த எழுத்துருவாக இருந்தாலும் கி, ழி, லி, டி என்று இகர வரிசையை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஃபைலை அனுப்புகிறேன்.

அடுத்தது சுழி. 'ண'வின் மூன்று சுழிகளுக்கும் நடுவில் நிற்கும் மரம் ஒரு மில்லிகூட இல்லை. மர ஓட்டம் குறுக்கே போனால் அது பட்டென்று தெறித்துவிடும். எழுத்துருவைத் தடிமன் குறைந்ததாக மாற்றினோம், அழகுக்கு இல்லை, சுழிக்குள் மரம் நிற்பதற்கு. புள்ளிக்குக் கவலை இல்லை, வி-பிட் ஒரே குத்தில் கூம்பு மாதிரி இறங்கி அழகாக வரும். எல்லாப் பெயருக்கும் ஒரே எழுத்து உயரம், 32 மில்லி என்று வைத்தேன். 'ஆல்' பலகையில் தனியாக நின்றது, 'ஏழிலைப்பாலை' பலகையைத் தாண்டிப் போனது. அதை மட்டும் இறுக்கிச் சின்னதாக்கினேன். அப்பாவுக்கு அதில் இன்னமும் திருப்தி இல்லை. இரண்டு வரியாகப் போட்டிருக்கலாம் என்கிறார். போட்டிருக்கலாம்தான்.

நெஸ்டிங் பற்றி ஒரு வார்த்தை. சாஃப்ட்வேர் பலகைகளில் எல்லாவற்றையும் தானாக அடுக்கித் தரும், ஆனால் அதற்கு மரம் என்றால் என்ன என்று தெரியாது. அகலமான மரமாக இருந்தால், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சில பெயர்ப்பலகையைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிடும். அவை மட்டும் மழையில் வளையும். திருப்புவதை அணைத்துவிட வேண்டும். கணுவும் வெடிப்பும் அதற்குத் தெரியாது. சாக்பீஸில் கணுவை வட்டமிட்டு, ஓரத்தில் இருந்து டேப்பில் அளந்து, அதே இடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் போட்டு, இங்கே எதுவும் வைக்காதே என்று ஒதுக்கினோம். இதில் ஏழு இடம் போய்விட்டது. அதனால்தான் ஏழாவது பலகை.

ஆணிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தப்பு முழுக்க என்னுடையது. பழைய விட்டம் என்றால் ஆணி இருக்கும். கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடுங்கினோம், தலை உடைந்து உள்ளே இருந்ததைத் தேடவில்லை. ஐந்தாவது பலகையில், சரக்கொன்றையின் 'ன்'னில், ஒரு பொறி பறந்து வி-பிட்டின் முனை போனது. முனை போன பிட் நிற்காது, மொட்டையாகவே எழுதிக்கொண்டு போகும். பட்டறைப் பையன் பார்த்து ஸ்டாப் அடிப்பதற்குள் இன்னொரு பெயர்ப்பலகையும் போய்விட்டது. மரக்கடைகளில் கையில் பிடித்துத் தேய்க்கிற மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பார்கள், அதை அடுத்த நாளே வாங்கினேன். மெஷினோடு சேர்த்து வாங்கியிருக்க வேண்டிய பொருள்.

தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, அது பிட்டின் கடினமான கார்பைடையே தின்னும். ஐம்பது பெயர்ப்பலகைக்குப் பிறகு எழுத்தோரத்தில் பஞ்சு மாதிரி சிராய் எழும்பத் தொடங்கியது. அப்போது உப்புத்தாளைத் தேடாமல் பிட்டை மாற்றிவிடுவது உத்தமம். ஓரம் வெட்டியது 6 மில்லி இரண்டு ஃப்ளூட் (வெட்டும் விளிம்பு) பிட், 18,000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 3 மீட்டர், நாலு பாஸ். ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும் மூன்று டேப் (வெட்டாமல் விடும் சின்ன இணைப்பு) விட்டோம், 6 மில்லி அகலம், இரண்டரை மில்லி கனம். டேப் இல்லாமல் வெட்டினால் கடைசிப் பாஸில் பலகை விடுபட்டுப் பறக்கும், பார்த்திருக்கிறேன். வெட்டி முடித்ததும் டேப்பை உளியால் தட்டி எடுத்தது அப்பா. எழுபத்திரண்டையும் ஒரு மதியத்தில் முடித்துவிட்டார்.

மெஷின் மேல் குறைகள் உண்டு. மரத்தை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் பெட் என்று கூடுதலாகக் காசு வாங்கினார்கள், பிளைவுட்டுக்குச் சரி, கொஞ்சம் வளைந்த தேக்குக்கு அது காற்றைத்தான் உறிஞ்சும். இந்த மாதிரி வேலைதான் உங்களுடையது என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். கூட வந்த டஸ்ட் கலெக்டர் எம்டிஎஃப் தூளை இழுக்கும், சர்ஃபேஸிங் செய்யும்போது வருகிற சுருளில் அடைத்துக்கொள்ளும். மேனுவல் யாருக்கோ எழுதியது. பொருத்த வந்தவர் அரை நாளில் ஸ்டார்ட், ஸ்டாப், ஹோம் (மெஷின் திரும்பிப் போகும் தொடக்க மூலை) மூன்றையும் காட்டிவிட்டு "சார், மத்தது ஓட்ட ஓட்ட வந்துடும்" என்று பஸ் ஏறிவிட்டார். பெட்டின் மேல் பரப்பாகப் போட்டிருக்கும் எம்டிஎஃப், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும். தீபாவளி முடிந்ததும் ஒரு தடவை அதையும் இழைத்துவிட வேண்டியிருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் ஸ்பிண்டில் ஒரு நாளும் படுக்கவில்லை. காலையில் பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன், அதுவும் காரணமாக இருக்கலாம். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறது. ஹோம் போய்விட்டுத் திரும்பினால் கோடு கோட்டிலேயே விழுகிறது. முதல் வேம்புக்கும் பதினான்காவது வேம்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் வெட்டினால் இரண்டு மாத வேலை, எங்களுக்கு சரியாக எட்டு நாள் ஆனது. அதில் மெஷின் நிஜமாக ஓடியது இரண்டரை நாள்தான், மீதி எல்லாம் பலகையை நேராக்குவதும் காயவிடுவதும்.

வாங்கலாமா என்றால், மாதத்துக்கு ஒன்றிரண்டு பெயர்ப்பலகை செய்பவர்கள் வாங்க வேண்டாம், பக்கத்து ஊரில் மணிக்கணக்கில் வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். எம்டிஎஃப், பிளைவுட் ஜாலி மட்டும் செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம், நான் பட்ட பாட்டில் பாதி உங்களுக்கு வராது. நிஜ மரத்தில் இப்படி மொத்தமாக வேலை செய்கிறவர்கள், சர்ஃபேஸிங் பிட்டையும் மெட்டல் டிடெக்டரையும் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பொருத்த வந்தவர் பஸ் ஏறுவதற்குள், ஒரு எம்டிஎஃப் ஷீட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடச் சொல்லி, இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து பாருங்கள். இரண்டுமே 1414 மில்லி வர வேண்டும். நான் எட்டு மாதம் கழித்துத்தான் அளந்தேன், ஒன்றுக்கொன்று 3 மில்லி வித்தியாசம் இருந்தது. சின்னப் பலகையில் அது கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பூஜை அறைக் கதவு நிலையில் உட்காராமல் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.